நாய்க்குட்டிக்குப் பால் கொடுக்கலாமா? பிறந்த நாள் முதல் மூன்று மாதம் வரை முழுமையான வழிகாட்டி

தெருமுனையில் ஒரு நாய்க்குட்டி கத்திக்கொண்டிருந்தால் நம் கை முதலில் போவது பால் பாக்கெட்டுக்குத்தான். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பால் ஊற்றி, இரண்டு மேரி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டால் குட்டி ஒரு சொட்டு விடாமல் நக்கிவிடும். மறுநாள் பார்த்தால் அது படுத்திருந்த சாக்கெல்லாம் தண்ணீராகப் போயிருக்கும். "பால் ஒத்துக்கல போல" என்பார் ஒருவர். "தண்ணி கலந்து குடுங்க, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். முதல் ஆள் சொல்வது பாதி சரி. இரண்டாம் ஆள் சொல்வதைக் கண் திறக்காத குட்டிக்குச் செய்தால் அது பிழைக்காது.

பால் நாய்க்கு விஷம் இல்லை. ஆனால் பிறந்த குட்டிக்குப் பசும்பால் போதாது. பல் முளைத்து ஓடியாடும் குட்டிக்கு அது தேவையே இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். அதனால்தான் கொடுக்கலாமா என்று கேட்கும் முன் எத்தனை வாரக் குட்டி என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பசும்பாலுக்கும் தாய்நாயின் பாலுக்கும் என்ன வித்தியாசம்

தாய்நாயின் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 9 முதல் 10 சதவீதம், புரதம் 7 முதல் 8 சதவீதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை 3 முதல் 4 சதவீதம். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம், லாக்டோஸ் 5 சதவீதத்தை ஒட்டி. நீல நிற ஆவின் பாக்கெட் என்றால் கொழுப்பு வெறும் 3 சதவீதம். ஆக, குட்டிக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் பாதிகூட இல்லை. வேண்டாத சர்க்கரை மட்டும் கூடுதல். இதில் தண்ணீரையும் கலந்தால் பாதியிலும் பாதி. வயிறு நிறைந்து குட்டி தூங்கிவிடும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். எடை மட்டும் ஏறாது.

எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் வரை போகும். ஆனால் லாக்டோஸ் பசும்பால் அளவுதான், புரதமும் போதாது. ஆட்டுப்பாலைப் பலர் மருந்து மாதிரி சிபாரிசு செய்கிறார்கள். அதிலும் லாக்டோஸ் 4 சதவீதத்துக்கு மேல், புரதம் பசும்பாலைப் போலத்தான். கொஞ்சம் எளிதாகச் செரிக்கலாம், ஆனால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது.

லாக்டோஸை உடைப்பது லாக்டேஸ் என்ற நொதி. பிறந்த குட்டிக்கு அது நிறையவே சுரக்கும். தாய்ப்பால் மறக்க மறக்கக் குறைந்துகொண்டே வரும். உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். வயிறு கடமுடா என்பதும், நுரையோடு தண்ணீராகப் போவதும் இதனால்தான். எவ்வளவு தாங்கும் என்பது நாய்க்கு நாய் மாறும். அடுத்த வீட்டு நாய் தினம் அரை லிட்டர் குடிக்கிறது என்பதை வைத்து உங்கள் குட்டிக்கு அளவு போடாதீர்கள்.

படி 1: வயதைப் பாருங்கள்

கண் மூடியே இருந்தால் பிறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் கண் திறந்துவிடும். கண் திறந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்தால் மூன்று வாரத்தை ஒட்டி. சுண்டுவிரலால் ஈறைத் தடவும்போது ஊசிமுனை மாதிரிப் பல் தட்டுப்பட்டால் மூன்று, நான்கு வாரம். பால்பற்கள் 28ம் வந்திருந்தால் இரண்டு மாதத்தை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: தாய் நிஜமாகவே இல்லையா?

தெருநாய் குட்டி போட்டுவிட்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே படுத்திருக்காது. சாப்பாடு தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, வயிறு நிறைந்து தூங்கினால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம். வண்டி, மழை, சாக்கடை என்று உடனடி ஆபத்து இல்லாவிட்டால் தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் குட்டி தாயையும் இழக்கும், சீம்பாலையும் இழக்கும். பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பால்தான் நோயை எதிர்க்கும் சக்தியைக் கொடுக்கிறது. எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

தாய் இருந்தால், குட்டிக்குப் பால் வைப்பதைவிடத் தாய்க்குச் சோறு வைப்பதுதான் புத்திசாலித்தனம். பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். சோறு, முட்டை, கோழிக்கறி, பக்கத்திலேயே நிறையத் தண்ணீர். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

படி 3: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

தாயில்லாக் குட்டிகள் பல பசியால் சாவதில்லை, குளிரால் சாகின்றன. முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அவற்றால் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த குட்டியைக் கையில் எடுத்தால் விறைத்துக் குளிர்ந்திருக்கும். அந்த நிலையில் பால் புகட்டவே கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே தங்கி உப்பும், அல்லது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும்.

நன்றாகத் துடைத்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வரை இருந்தால் நல்லது. அவசரப்பட்டு ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். மெதுவாகத்தான் சூடேற வேண்டும். வாய்க்குள் விரலை வைத்தால் கதகதப்பாகவும், விரலைச் சப்ப முயல்வதாகவும் இருந்தால் பால் கொடுக்கத் தயார்.

படி 4: மாற்றுப்பால் கலப்பதும் புகட்டுவதும்

நாய்க்குட்டிக்கென்றே செய்த மாற்றுப்பால் பவுடர் பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ராயல் கேனின், பெட்ஏஜின் எஸ்பிலாக் போன்றவை. விலை அதிகம்தான். ஆனால் தேவைப்படுவது மூன்று நான்கு வாரத்துக்கு மட்டுமே. மனிதக் குழந்தைக்கான பால் பவுடர் இதற்கு மாற்று ஆகாது. அது மனிதத் தாய்ப்பாலைப் போலச் செய்யப்பட்டது. மனிதத் தாய்ப்பாலில் லாக்டோஸ் 7 சதவீதம், புரதம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நாய்க்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்குங்கள். கெட்டியாகக் கலந்தால் சீக்கிரம் வளரும் என்று நினைக்க வேண்டாம், மலச்சிக்கலோ பேதியோ வரும். கொதித்து ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் சரி.

இனி புகட்டும் முறை. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நம் வீட்டுக் குழந்தைக்குச் சங்கில், பாலாடையில் கொடுத்துப் பழகிய கை, குட்டியையும் மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் ஊற்றப் பார்க்கும். கூடவே கூடாது. நாய்க்குட்டி தாயிடம் எப்படிக் குடிக்கிறது? வயிறு தரையில், தலை லேசாக நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டாலும் மடியை மாறி மாறி அமுக்கிக்கொண்டு. அதே மாதிரி மடியில் ஒரு துண்டை விரித்துக் குப்புறப் படுக்கவையுங்கள். கால் பதிய ஏதாவது இருக்கட்டும். துண்டை அது பிசையத் தொடங்கினால் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பால்புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் ஓட்டை பெரிது. புட்டி கிடைக்காவிட்டால் ஊசி கழற்றிய சிறிய சிரிஞ்சு போதும். ஆனால் அழுத்தித் தள்ளாதீர்கள், குட்டி சப்பும் வேகத்துக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். அதன்பின் மூச்சில் கரகரப்பு கேட்டாலோ, குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நிமோனியா வந்தால் இந்த வயதில் தாங்காது.

முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும்தான். பிறகு மெல்ல மெல்ல நான்கு மணி நேர இடைவெளிக்கு வரலாம். ஒரு வேளைக்கு 100 கிராம் உடல் எடைக்கு 4 மில்லியை ஒட்டி, டப்பா சொல்லும் நாளளவைத் தாண்டாமல். வயிறு உருண்டிருக்க வேண்டும், விண்ணென்று இருக்கக் கூடாது. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் குட்டியின் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் மெதுவாகத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிடும் வேலை அது. செய்யாவிட்டால் இரண்டு மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பிறந்த எடை ஏழு முதல் பத்து நாளில் இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டிய விஷயம்.

இரவு பதினொரு மணி, கடை எதுவும் இல்லை

இப்படித்தான் எப்போதும் வாய்க்கும். ஒரு ராத்திரியை ஓட்ட வீட்டிலேயே கலக்கலாம். ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு இருக்கிறது. அதில் 200 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். இரண்டு முட்டையின் மஞ்சள் கருவை மட்டும், ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெயோடு சேர்த்து அடித்துக் கலந்து, டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் புட்டியின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வெள்ளைக் கரு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், தேனும் வேண்டாம். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் தேவையானதை மட்டும் வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்குங்கள். மறுநாள் கடை திறந்ததும் மாற்றுப்பால் வாங்கிவிடுங்கள். வாரக்கணக்கில் இதையே கொடுக்கும் எண்ணம் வேண்டாம்.

கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. மாட்டிலிருந்து புரூசெல்லா, காசநோய்க் கிருமிகள் பால் வழியாக வரலாம். குட்டிக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும்.

படி 5: மூன்று வாரத்துக்கு மேல்

பல் தட்டுப்பட ஆரம்பித்ததும் தட்டில் சாப்பிடப் பழக்கலாம். பப்பி ஸ்டார்ட்டர் வகை உணவை வெந்நீரிலோ மாற்றுப்பாலிலோ ஊறவைத்து, கூழாக மசித்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தின்பதைவிட அதில் நடப்பதுதான் அதிகமாக இருக்கும். பரவாயில்லை, காலை நக்கும்போது ருசி பழகிவிடும். வீட்டுச் சாப்பாடு என்றால் குழைய வடித்த சோறு, எலும்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழி, வேகவைத்த முட்டை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல். நீண்ட நாள் வீட்டுச் சாப்பாடே என்றால் கால்சியம் உள்ளிட்ட சத்துகளைச் சரிக்கட்ட மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு வாரத்துக்குள் பால் முற்றிலும் நின்றுவிடலாம்.

இந்தக் கட்டத்தில்தான் செர்லாக் வரும். குட்டி விற்பவர்களில் பலர் "ரெண்டு மாசம் செர்லாக் குடுங்க, அப்புறம் பெடிகிரிய பால்ல ஊறவச்சுக் குடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். செர்லாக் மனிதக் குழந்தைக்கான தானிய உணவு. பால் பவுடர் கலந்தது. வளரும் நாய்க்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. பெடிகிரி போன்ற உலர் உணவை ஊறவைக்கப் பால் எதற்கு? வெந்நீர் போதும். பாலில் ஊறியது கோடையில் ஒரு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். பாலோடு பழகிய குட்டி பிறகு வெறும் உணவைத் திரும்பிப் பார்க்காது. அடம் பிடிக்கும் குட்டியைச் சமாளிப்பது பேதியைச் சமாளிப்பதைவிடப் பெரிய வேலை.

படி 6: இரண்டு மாதத்துக்கு மேல் ஆசைக்குக் கொடுப்பதென்றால்

ஒரு கணக்குப் பார்ப்போம். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 முதல் 500 கலோரி வேண்டும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, நீலப் பாக்கெட் பாலில் சுமார் 120 கலோரி. காலையும் மாலையும் ஒரு டம்ளர் கொடுத்தால் நாளின் பாதிப் பசி பாலிலேயே அடங்கிவிடும். இறைச்சியும் முட்டையும் போக வேண்டிய இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும். பேதியே ஆகாத குட்டிகூட ஒல்லியாக, மயிர் சோபையில்லாமல் வளர்வதற்கு இது ஒரு காரணம்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு டீஸ்பூன் கொடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். மலம் இளகாவிட்டால் 3 கிலோ குட்டிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வரை போகலாம், அதுவும் தினமும் வேண்டாம். புதிதாக வீட்டுக்கு வந்த வாரத்திலும், தடுப்பூசி போட்ட அன்றைக்கும், புழு மருந்து கொடுத்த அன்றைக்கும் இந்தப் பரிசோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். பேதியானால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

எலும்பு பலமாகட்டும் என்று பால் கொடுப்பவர்கள் உண்டு, கூடவே கால்சியம் சிரப்பும். லேப்ரடார், ராட்வைலர், கிரேட் டேன், ராஜபாளையம் போன்ற பெரிய ரகக் குட்டிகளுக்கு இது சிக்கல். சிறு வயதில் குடல் கால்சியத்தை வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளாது. அதிகமானால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். தரமான பப்பி உணவு தின்னும் குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் கால்சியம் சிரப் வேண்டாம்.

தயிர் முதல் ஐஸ்கிரீம் வரை

பால் பொருள்களில் குட்டிக்கு ஓரளவு நல்லது தயிர்தான். உறை ஊற்றிய நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பாலைவிட எளிதில் செரிக்கும். புளிக்காத கெட்டித் தயிர் ஒன்றிரண்டு டீஸ்பூன் சாப்பாட்டோடு கலந்து கொடுக்கலாம். ஆனால் தயிர் சாதமே மூன்று வேளையும் என்றால் அது வேறு கதை. நம் ஊரில் எத்தனையோ நாய்கள் அதிலேயே வளர்ந்திருக்கின்றன, உண்மைதான். வளர்ந்த நாய் எலி, கோழிக்கழிவு என்று வெளியே தேடித் தின்று ஈடுகட்டிக்கொண்டது. ஃபிளாட்டில் கட்டிவைத்த இரண்டு மாதக் குட்டிக்கு அந்த வழி இல்லை. தாளித்த தயிர் சாதம், சின்ன வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி எல்லாம் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கும்.

மோர் என்றால் உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் இல்லாத நீர்மோர். வெயில் காலத்தில் சில கரண்டி கொடுக்கலாம், தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

பனீரில் லாக்டோஸ் குறைவு, கொழுப்பு அதிகம். பயிற்சி கொடுக்கும்போது பட்டாணி அளவுத் துண்டு நல்ல லஞ்சம். கடைச் சீஸில் உப்பு அதிகம். பூண்டு, மிளகு சேர்த்த ரகங்களைத் தொடாதீர்கள். வெண்ணெய், நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை, ஆனால் கொழுப்பு முழுக்க. கரண்டிக் கணக்கில் ஊற்றினால் பேதியில் தொடங்கிக் கணைய அழற்சி வரை போகலாம். பால் பவுடரை வெறுமனே நக்கவிடாதீர்கள். கொழுப்பு நீக்கிய பவுடரில் பாதி லாக்டோஸ்தான்.

பால்கோவா, மில்க்மெய்ட், ஐஸ்கிரீம், டீ எல்லாமே வேண்டாம். இந்த மூன்றை மட்டும் ஆபத்து என்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, சாக்லேட் கலந்த பாலும் ஐஸ்கிரீமும். இரண்டு, உலர்திராட்சை போட்ட பாயசம், ஏனென்றால் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்று, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள், அவை ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். தவறிப்போய்த் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

படி 7: பேதி ஆகிவிட்டால்

பாலால் வந்த பேதி குடித்த சில மணி நேரத்தில் தெரியும். குட்டி அப்போதும் ஓடும், விளையாடும், சாப்பாடு கேட்கும். பாலை நிறுத்தினால் ஒரு நாளில் மலம் கெட்டிப்படும். அதுவரை தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. குட்டியைப் பட்டினி போடாதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். நமக்கு வாங்கிவைத்த பேதி மாத்திரையை ஒடித்துக் கொடுக்கும் யோசனை வேண்டாம்.

ஆனால் பேதி என்றதும் பாலின் மேல் பழிபோட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. தடுப்பூசி முடியாத, ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டி சுருண்டு படுத்து, சாப்பாட்டை மறுத்து, வாந்தி எடுத்து, பிறகு துர்நாற்றத்தோடு ரத்தமாகவும் போனால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். பால்தானே, நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடும் இரண்டு நாளில் உயிர் போய்விடும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி, ரத்தம், வாந்தி, சோர்வு இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் உடனே படியாமல் நின்றாலும், ஈறு ஒட்டும்படி காய்ந்திருந்தாலும் நீர் வற்றிவிட்டது. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடித்திருக்கலாம்.

புழு என்றதும் இன்னொன்று. பால் குடித்துக் குடித்து வயிறு உப்பியிருக்கிறது என்று நாம் ரசிக்கும் தொப்பை, பாதி நேரம் உருண்டைப்புழுதான். தாயின் கருப்பையிலிருந்தும் பாலிலிருந்துமே அது குட்டிக்கு வந்துவிடும். அதனால் இரண்டு வாரத்தில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடைக்கேற்பப் புழு மருந்து. தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை.

மருத்துவரிடம் போகும்போது மலத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. என்ன பால், எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், தண்ணீர் கலந்தீர்களா, கூட பிஸ்கட் போட்டீர்களா என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையிலும் நாயைப் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மற்ற நாய்கள் நிறைய வரும் என்பதால் தடுப்பூசி போடாத குட்டியைத் தரையில் விடாமல் கூடையிலோ கையிலோ வைத்திருங்கள். கிளம்பும் முன் அடுத்த புழு மருந்துத் தேதியையும் தடுப்பூசித் தேதியையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.